நாலாம் நம்பர்

பூவாற்றில் ரிசார்ட்டுக்காரர்கள் கழித்துப்போட்ட வள்ளம்,
தென்னை மூட்டில் கயிறு கட்டி,
வயிற்றில் மழைத்தண்ணீரும் இரண்டு தவளையுமாகக் கிடந்தது.
ஓமனக்குட்டன் நாற்பதாயிரம் என்றான்.
தவளைகளையும் சேர்த்தா என்று கேட்டேன்.

ஊரம்பில் தையல்கடை வைத்திருப்பவள் பையில்
இஞ்ச் டேப் இல்லாமல் போகாது.
நீளத்துக்கு ஐந்து தடவை வைத்தும் மூன்றடி மிச்சம்.
அகலத்துக்கு ஒரு தடவை போதும்:
நாற்பத்திரண்டு.
டென்னிசனின் மார்புச் சுற்று.
நோட்டில் எழுதாமலே
ஞாபகத்தில் நிற்கும் ஒரே அளவு.

இத்தனை ஒடுக்கத்தில் ஒருவர் முன்னால் போக
மற்றவர் உட்காரத்தான் வேண்டும்.
யார் உட்காருவது என்பதில்தான்
எங்களுக்குச் சண்டை தொடங்கியது.
பழைய வள்ளத்தை விற்றுப் பாதிப் பாதி எடுத்தோம்.
எஞ்சின் எனக்கு, கழுக்கோல் அவனுக்கு.
பதினொரு வருஷமாக எஞ்சின்
லைனிங் துணி சுற்றி, தையல் மெஷினுக்குக் கீழே,
என் காலில் இடித்துக்கொண்டு.

ஆஞ்சிலிப் பலகை, கயிற்றுத் தையல்.
விரலை ஓட்டிக்கொண்டே போனேன்.
மூன்றாம் பலகையில் யாரோ அவசரக்காரன்
ஓட்டுத்தையல் போட்டிருந்தான்.
"ஒரு துள்ளி வெள்ளம் கேறில்ல சேச்சி."
கோரி ஊற்றச் சொன்னேன். வாய்க்காலில் இறக்கச் சொன்னேன்.
செருப்பைக் கழற்றி உள்ளே உட்கார்ந்து
ஒரு கட்டன்சாயா குடித்தேன், மெதுவாக.
பெருவிரல் நனைந்ததும்
காலைத் தூக்கிக் காட்டினேன்.
முப்பத்தொன்று என்றான்.

கதம்பைத் தும்பு திணித்து
கொல்லாங்கொட்டைத் தைலம் பூசியதில்
கைரேகை கறுத்துத் தோல் உரிந்தது.
அந்த வாரம் வந்த பட்டு ரவிக்கைகளைத் திருப்பி அனுப்பினேன்.
பக்கவாட்டில் ரிசார்ட் பெயரைச் சுரண்டினேன்.
கடைசியில் இருந்த 4 மட்டும் வரமாட்டேன் என்றது.
இருக்கட்டும்.
மற்ற மூன்றும் எங்கே என்று கேட்பவர்களுக்கு
ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

புதுக் கழுக்கோல் எழுநூறு.
போன் போட்டேன்.
"கோல் இருக்கா?"
"இருக்கு."
"வேணும்."
அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது.
மூன்றுவரை எண்ணினோம், ஆளுக்கொரு முனையில்.
வைத்துவிட்டான்.

ஞாயிறு காலை, கருங்கலிலிருந்து வாழைக்குலை ஏற்றிவந்த
டெம்போவின் கூரையில் கட்டி வந்தது.
துண்டுச்சீட்டு ஒன்றும் இல்லை.
பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தான், புதுசு.
என் உள்ளங்கை வேர்க்கும்.

அவன் உயரத்துக்கு இழைத்த கோல்.
இரண்டு தடவை அளந்து
அடியில் மூன்றடி அறுத்தேன், பிடியைத் தொடவில்லை.
அறுத்த துண்டு சரியாக ஒரு கெஜம்.
கடையில் துணி அளக்கிறது.
இத்தனை வருஷத்தில் வாய்க்காலும்
மணல் தூர்ந்து ஆழம் குறைந்திருந்தது.
எட்டியது.

எஞ்சின் ஆறாவது இழுப்பில் எடுத்தது.
கால் பர்லாங்கில் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றி நின்றது.
அதன்பிறகு கோல்தான்.
குத்து, நட, பிடுங்கு. குத்து, நட.
கரையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்
நுரையோடு கையாட்டினார்.
நான் நடந்து கடக்க
யாரும் உட்கார வேண்டியிருக்கவில்லை.

முதல் பாலத்தடியில் குனிந்தேன்.
முன்பெல்லாம் இந்த இடத்தில் ஒரு தலை இடிக்கும்,
ஒரு கெட்டவார்த்தை கேட்கும்.
வௌவால் வாடை. முழங்காலளவு வெளிச்சம்.
கோலை ஊன்றிக் கொஞ்சம் நின்றேன்.
"எளவு" என்றேன், சும்மா.
பாலம் ஆண்குரலில் திருப்பிச் சொன்னது.

பெருவிரல் நனைந்திருந்தது.
மூன்றாம் பலகைதான்.
பெயிண்ட் டப்பாவை எடுத்துக் கோர உட்கார்ந்தேன்.